பெயரில்லாத கப்ருகளின் முன்னே

பயணத்தை வெறும் பொழுதுபோக்காக இஸ்லாம் கருதியதில்லை. பூமியெங்கும் சென்று, முன்வாழ்ந்த சமுதாயங்களின் முடிவு எவ்வாறாயிற்று என்பதை நோக்குமாறு திருமறை பல இடங்களில் ஏவுகின்றது. கல்வி தேடியும் வாணிகம் கருதியும் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றவும் கடல் கடந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். ஆகவே பயணம் கூடுமா, கூடாதா என்ற வினா நமக்கில்லை. எவ்வாறு பயணம் செய்வது, கண்டவற்றை எந்த உள்ளத்தோடு காண்பது என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

மற்ற இடங்களைவிடப் போர் நடந்த இடங்களில் இவ்வினா கடுமையாக எழுகின்றது. மலையையும் அருவியையும் கண்டு மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி படைத்தவனைப் புகழ்வதில் போய் முடியலாம். ஆனால் மனிதர் கூட்டங்கூட்டமாக மடிந்த ஓரிடத்துக்குச் சென்று, படம் எடுத்துக்கொண்டு, சிற்றுண்டி அருந்தி, நினைவுப் பொருளொன்றை விலைபேசி வாங்கித் திரும்புகிறோமே, அது எத்தகைய செயல்? பிறர் துயரத்தைக் காட்சியாக்கி நுகர்வதா, நீத்தாருக்குச் செலுத்தும் மரியாதையா? இரண்டுமில்லாமல், பொழுதைப் போக்கும் மற்றொரு வழிதானா?

பொதுப்படப் பேசுவதினும் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு சிந்திப்பது நன்று. மலேசியாவில் உறவினரைக் காணச் செல்லும் நம் குடும்பங்களுள் சில அங்கிருந்து தாய்லாந்துக்கும் சென்று வருகின்றன. அந்நாட்டில் நம் மொழி பேசியோர் பல்லாயிரவர் மண்ணுக்குள் போன ஓர் ஊர் இருக்கிறது. பாங்காக் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சனபுரியே அது.

பாலமும் படமும்

இரண்டாம் உலகப் போரில் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்த தம் படைகளுக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. மலாயாத் தீபகற்பத்தைச் சுற்றிச் செல்லும் கடல்வழியோ நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்து நிறைந்ததாயிற்று. ஆகவே தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு, காட்டை அழித்தும் பாறையைப் பிளந்தும் ரயில் பாதை போடத் துணிந்தனர். 1942ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் அது முடிந்ததற்குக் காரணம் இயந்திர வலிமையன்று. மனித உயிரைக் கணக்கில் கொள்ளாமையே.

அப்பாதையின் ஒரு பகுதிதான் காஞ்சனபுரியிலுள்ள இரும்புப் பாலம். அதன் வளைந்த இரும்புச் சட்டங்கள் சாவகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. போரின் இறுதிக் காலத்தில் நேச நாடுகளின் விமானங்கள் குண்டு வீசிச் சில பகுதிகளைத் தகர்த்தன. போருக்குப் பின் அவ்விடங்களில் வேறு வடிவச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. இன்றும் அந்த வேறுபாட்டைக் கண்ணால் காணலாம்.

உலகத்தார் இப்பாலத்தை அறிந்தது வரலாற்று நூல்களின் வழியே அன்று. 1952இல் பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் ஒரு நாவல் எழுதினார். 1957இல் அது ஆங்கிலத் திரைப்படமாயிற்று. அப்படம் எடுக்கப்பட்ட இடம் தாய்லாந்துமன்று, இலங்கையிலுள்ள கித்துல்கல. படத்தைப் பார்த்தவர்கள் ‘குவாய்’ ஆற்றுப் பாலத்தைத் தேடிக் காஞ்சனபுரிக்கு வந்தார்கள். ஆனால் மெய்யான பாலம் நின்றதோ மேகுலோங் என்னும் ஆற்றின் மீது. வந்தவர்கள் ஏமாறாதிருக்க, 1960இல் ஆற்றின் அப்பகுதிக்குக் குவாய்யாய் என்று பெயர் மாற்றப்பட்டது. கதைக்கு ஏற்ப ஆறே தன் பெயரை மாற்றிக்கொண்ட விந்தை இது!

இன்று அப்பாலத்தின் மீது பயணிகள் உலவுகிறார்கள். ரயில் வரும்போது ஓரமாக ஒதுங்கி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கரையில் உணவுக் கடைகளும் பரிசுப் பொருள் கடைகளும் நிறைந்திருக்கின்றன. ஆண்டின் இறுதியில் குண்டுவீச்சை நடித்துக் காட்டும் ஒலி ஒளிக் காட்சி நடத்துவதும் வழக்கம். வாணவேடிக்கையைக் கண்டு கூட்டம் கை தட்டுகிறது.

எண்ணப்பட்டோரும் எண்ணப்படாதோரும்

இப்பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேற்பட்டவர்கள். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், ஒரு சில அமெரிக்கர் என அவர்கள் பலதிறத்தினர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். காஞ்சனபுரி ரயில் நிலையத்தின் அருகே போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றிருக்கிறது. அங்கு ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். வெட்டிச் சீராக்கிய புல்தரை. வரிசை பிசகாத கற்கள். பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். காண்போர் தம்மையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்ளும் இடம் அது. அதனை அவ்வாறு பேணுவோரை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அப்பாதையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் போர்க்கைதிகளல்லர். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சாவகத்திலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஆசியக் கூலிகள் அவர்கள். அவர்களின் தொகை இரண்டு இலட்சத்துக்குக் குறையாது என்பர். இறந்தவர்களைப் பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 90,000 வரை இருக்கலாம் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து சென்றவர்களுள் பெருந்தொகையினர் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த தமிழர்கள். போரினால் ரப்பர் வாணிகம் நின்றது. தோட்டங்களில் வேலையில்லை, அரிசியில்லை. நல்ல கூலி, சில மாத வேலை என்று சொன்னதை நம்பிச் சென்றவர்கள் பலர். ஆசை வார்த்தை பலிக்காத இடங்களில் வலிந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களும் பலர். இலவசமாகத் திரைப்படம் காட்டுவதாக அழைத்து, கொட்டகையின் கதவுகளை அடைத்து, வந்தவர்களை அப்படியே ரயிலேற்றிய கொடுமைகளும் பதிவாகியிருக்கின்றன. படம் பார்க்கப் போய்ப் பாதை போட்டு மடிந்தவர்கள் அவர்கள். படம் பார்த்துவிட்டு அப்பாதையைக் காண வருபவர்கள் இன்றைய பயணிகள்!

1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் காலரா பரவியபோது இக்கூலிகளின் முகாம்களே மிகுதியாக அழிந்தன. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள். நீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்யும் அதிகாரிகள் இருந்தார்கள். அனைத்துக்கும் மேலாக, யார் இருந்தார், யார் இறந்தார் என்று குறித்துவைக்கும் பதிவேடு இருந்தது. பால்வெட்டும் தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. காட்டிலேயே எரித்தார்கள், குழியிலே கூட்டமாகத் தள்ளினார்கள். அவர்களிடையே மலாய் முஸ்லிம்களும் சாவக முஸ்லிம்களும் இருந்தார்கள். கஃபனும் ஜனாஸாத் தொழுகையும் அவர்களுள் எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும்?

1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. சிப்பாய்க்குக் கல்லும் பெயரும். கூலிக்குக் கரும்புத் தோட்டம். அங்கே இன்னொரு நினைவுத்தூணும் உண்டு. போர் முடியுமுன்பே, 1944இல், ஜப்பானியப் படையினரே எழுப்பியது அது. தமிழ், மலாய் உள்ளிட்ட பல மொழிகளில் மாண்டவரின் ஆன்மசாந்தி கோரும் வாசகங்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. வேலை வாங்கிக் கொன்றவர்களே நெடுங்காலம் அவர்களை அவர்களின் தாய்மொழியில் நினைவுகூர்ந்தவர்களாயிருந்தனர் என்பது எத்தகைய வேதனை! தமிழர்களுக்கென ஒரு நடுகல் அவ்வூரில் எழுந்தது 2023இல்தான். பாதை முடிந்து 80 ஆண்டுகள் கழிந்த பின்.

ஹிஜ்ரைக் கடந்தபோது

அழிவு நேர்ந்த இடத்துக்குள் எவ்வாறு செல்வது என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே ஒரு பாடம் உண்டு. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் தபூக் நோக்கிச் செல்கையில், ஸமூது கூட்டத்தார் வாழ்ந்து அழிந்த ஹிஜ்ர் என்னும் இடத்தைப் படை கடக்க நேர்ந்தது. பாறைகளைக் குடைந்து அமைத்த அவர்களின் இல்லங்கள் அப்படியே நின்றன. அழுதவர்களாகவன்றி அவ்விடங்களில் நுழைய வேண்டா என்று அண்ணலார் தடுத்தார்கள். தம் தலையை மூடிக்கொண்டு வாகனத்தை விரைந்து செலுத்தினார்கள். அங்குள்ள கிணறுகளில் எடுத்த நீரைக் கொட்டிவிடவும், அந்நீரால் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடவும் பணித்தார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீரருந்திய கிணற்றில் மட்டும் நீர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஹிஜ்ர் இறைதண்டனை இறங்கிய இடம். காஞ்சனபுரி ஏழைகள் கொடுமைக்கு இரையான இடம். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அண்ணலார் காட்டிய ஒழுக்கத்தின் உட்பொருள் இரண்டுக்கும் பொருந்தும். அழிவின் தலத்தில் நாம் பார்வையாளர்களாக ஒதுங்கி நிற்க முடியாது; அவர்களுக்கு நேர்ந்தது நமக்கும் நேரலாம் என்ற அச்சம் வேண்டும் என்பது அதன் முதற்பொருள். அவ்விடத்திலிருந்து நமக்கென எதனையும், தாகத்துக்கு நீரைக்கூட, எளிதாக எடுத்துக்கொண்டு போய்விடலாகாது என்பது மற்றொன்று.

போர்க்களத்தில் கொன்றவனின் சுவடும் கொல்லப்பட்டவனின் சுவடும் ஒரே மண்ணில் கிடக்கின்றன. கொல்லப்பட்டவனுக்காக இரங்குவது எளிது. கொன்றவனும் நம்மைப் போன்ற மனிதனே. கட்டளைக்கு அஞ்சியும், தன் நாடு வெல்ல வேண்டுமென்ற வெறியிலும், எதிரே நிற்பவனை மனிதனென்று எண்ண மறந்தவன் அவன். அந்த மறதி நம் உள்ளத்திலும் தங்கியிருக்கிறதா என்று சோதிப்பதுதான் அரிது. நம் கடையில், நம் வீட்டு அடுக்களையில், நமக்காக உழைப்பவரின் பெயரையும் ஊரையும் நாம் அறிவோமா?

உஹதின் கப்ருகள்

மதீனாவுக்குச் செல்லும் நம் ஹாஜிகள் உஹதுக்கும் சென்று ஸலாம் உரைத்து வருகிறார்கள். அதுவும் போர் நடந்த இடந்தான். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் முஸ்லிம்கள் 70 பேர் அங்கே ஷஹீதானார்கள். இடத்தைவிட்டு அகலலாகாது என்று நிறுத்தப்பட்ட 50 வில்வீரர்களுள் பெரும்பாலோர், போர்ப் பொருளின்மேல் கண் வைத்துக் குன்றைவிட்டு இறங்கியதால் நேர்ந்த இழப்பு அது. வென்றோம் என்று பெருமை பேசுவதற்குரிய களமாக அது நமக்குத் தரப்படவில்லை. நம் தவற்றையும் சேர்த்து நினைக்க வேண்டிய களமாகவே தரப்பட்டிருக்கிறது.

அன்று மாலை நடந்ததை எண்ணிப் பாருங்கள். உயிர்பிழைத்தோர் காயமுற்றுக் களைத்திருந்தனர். தனித்தனியே குழி தோண்ட வலுவில்லை; துணியும் போதவில்லை. இருவரை ஒரே கப்ரில் வைக்க நேர்ந்தது. அந்நிலையிலும், இருவருள் குர்ஆனை மிகுதியாகக் கற்றவர் யார் என்று அண்ணலார் கேட்டறிந்து, அவரையே முதலில் வைக்கச் செய்தார்கள். முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களுக்கிருந்த ஒரே துணியால் தலையை மூடினால் கால் தெரிந்தது; காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியாலும் கால்களை இத்கிர் புல்லாலும் மூடச் சொன்னார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஷஹீதுகளுக்காகப் பிரார்த்தித்தார்கள்.

கூட்டமாக அடக்க நேர்ந்தபோதும் ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டார்கள்! இறந்தவர்கள் எண்ணிக்கையாகிவிடாதபடி காத்தார்கள். நாம் கேட்ட வினாவுக்கு விடை இங்கேதான் இருப்பதாக நாம் கருதுகிறோம். போர் நடந்த இடத்துக்குச் செல்பவர் மீது அங்கு மாண்டவர்க்கு ஒரு ஹக்கு உண்டு. ‘இவர் யார்?’ என்று கேட்கப்படுவதே அந்த ஹக்கு. அதனை நிறைவேற்றச் செல்பவரின் பயணம் ஜியாரத்துக்கு நெருங்கியது. அதனை மறந்து செல்பவரின் பயணம் வேடிக்கை.

அவர்களுள் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் அல்லரே என்று ஒருவர் கேட்கலாம். யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது அண்ணலார் எழுந்து நின்றார்கள். தோழர்கள் அதைச் சுட்டியபோது, அதுவும் ஓர் ஆன்மாவன்றோ என்ற கருத்தில் விடை தந்தார்கள். அதற்குமேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

வேடிக்கையாளரை இகழலாமா?

அவ்வாறாயின், பாலத்தில் சிரித்துப் படமெடுக்கும் பயணியரையெல்லாம் இகழ்ந்துவிடலாமா? அவசரப்படலாகாது. அவர்கள் வருவதால்தான் அங்குள்ள எளியோர் பலர் பிழைக்கிறார்கள். யாரும் வராத இடம் நாளடைவில் கரும்புத் தோட்டமாகிவிடுகிறது. பொய்க்கதை சொன்ன திரைப்படம்தான் மெய்யான பாலத்தைப் புகழ்பெறச் செய்தது என்றும் வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அவ்வாதத்தை முழுமையாகப் பின்தொடர்ந்தால் அதன் குறையும் புலப்படும். வேடிக்கை பார்க்க வருபவர் தாம் முன்பே கேள்விப்பட்டதைத்தான் காண விரும்புவார். படத்தில் வந்தது போற்றப்படும். படத்தில் வராதது கைவிடப்படும். அப்படத்தில் பாலம் கட்டுவோர் பிரிட்டிஷ் சிப்பாய்கள். தமிழ்க் கூலியின் கதையை அது சொல்லவில்லை. ஆகவே பயணியர் பெருகப் பெருகப் பாலம் பேணப்பட்டது. கூலிகளின் குழிகள் பேணப்படவில்லை. வேடிக்கையாளர் தீயவரல்லர், ஆனால் அவருடைய கண் பிறர் சுட்டிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. சுட்டப்படாத இடத்தைத் தேடும் கண் யாருக்கு வேண்டும்? அம்மண்ணில் உற்றாரை இழந்த நமக்கன்றோ!

மன்னிப்பதற்கு யார் இருக்கிறார்?

போர்க்களத்துக்குச் செல்வதில் வேடிக்கையினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பழைய புண்ணைக் கிளறிப் பகையை ஏற்றிக்கொண்டு திரும்புவது அது. காஞ்சனபுரியிலேயே இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி போர்க்கைதியாக அங்கே கொடிய சித்திரவதைக்கு ஆளானவர். அவ்விசாரணையில் ஜப்பானியருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் நாகாசே தகாஷி. போருக்குப் பின் நாகாசே தம் குற்றத்தை உணர்ந்து, பலமுறை காஞ்சனபுரிக்கு வந்து பிராயச்சித்தமான பணிகளில் ஈடுபட்டார். 1993இல் இருவரும் அவ்வூரிலேயே சந்தித்தார்கள். ஒருவர் வருந்தினார், மற்றவர் மன்னித்தார்.

கண்ணீரை வரவழைக்கும் சந்திப்புத்தான். ஆனால் அது நடப்பதற்கு ஒன்று தேவைப்பட்டது: மன்னிக்க வேண்டியவர் யார் என்று தெரிந்திருந்தது. அல்லாஹ் தனக்குரிய கடமைகளில் நேர்ந்த பிழையை மன்னிப்பான். அடியார்க்கிழைத்த அநீதியையோ அந்த அடியாரே பொறுக்க வேண்டும் என்று நாம் கற்றிருக்கிறோம். பெயரே இல்லாத பால்வெட்டுத் தொழிலாளியிடம் எவர் சென்று மன்னிப்புக் கேட்பார்? எந்தக் கதவைத் தட்டுவார்? மஹ்ஷர் பெருவெளியில் அவர்தம் வழக்கு தீர்க்கப்படும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இவ்வுலகில் அவருடைய பெயரைக் காப்பது நம்மால் இயன்ற கடமை. பெயர் இருந்தால்தான் நீதி கேட்கவும் முடியும், மன்னிக்கவும் முடியும்.

செல்வோர்க்கு

ஆகவே செல்லுங்கள், தடையில்லை. கப்ருகளைச் சந்திப்பதை முதலில் தடுத்த அண்ணலார், அது மறுமையை நினைவூட்டும் என்ற காரணத்தால் பின்னர் அனுமதித்தார்கள். குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் அங்கே ஓடினால், சிரித்தால் அடக்க வேண்டா; சிரிக்கும் வயதிலேயே காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகள் பலர் உறங்கும் மண் அது. பாலத்தைப் பார்த்த பின், போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் சற்று நில்லுங்கள். பிறர் தம் மக்களை எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். பின்னர் நம் தமிழர்க்கான நடுகல் எங்கே என்று கேட்டுத் தேடிச் செல்லுங்கள். உடன் வருவோர்க்கு அதன் கதையைச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னதாக, புறப்படுமுன் செய்ய வேண்டியதொன்று உண்டு. மலாயாவில் வாழ்ந்த குடும்பங்களின் முதியோரிடம் அமர்ந்து கேளுங்கள். ‘சயாமுக்குப் போனவர் நம்மில் எவரேனும் உண்டா? அவர் பெயர் என்ன? யாருடைய மகன்? எந்தத் தோட்டம்?’ அரசாங்கப் பதிவேடுகளில் இல்லாத அப்பெயர்கள் சில வீடுகளின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன. நேரில் கண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்டவர்களும் முதுமை எய்திவிட்டார்கள். இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால், கேட்பதற்கு எவருமிலர். கிடைத்த பெயரை ஒரு தாளில் எழுதி உங்களுடன் கொண்டுசெல்லுங்கள். அவர் முஸ்லிமாயின் அம்மண்ணில் நின்று அவர் பெயரைச் சொல்லித் துஆ செய்யுங்கள். பிறராயின் அவர் பெயரைச் சொல்லி மரியாதையுடன் நில்லுங்கள்.

ஒரே ஒரு பெயரேனும் அவ்வாறு அவ்விடத்தில் உச்சரிக்கப்படுமாயின், அப்பயணம் வீணாகவில்லை. கரும்புத் தோட்டத்தின் அடியில் கிடப்போரையும், கடலிலும் காட்டிலும் கல்லின்றி மறைந்தோரையும் பெயர் சொல்லி அறிந்தவன் அல்லாஹ். அவர்களை மறவாதிருக்கும் உள்ளத்தையும், பிறரை அந்நிலைக்கு ஆளாக்காத கைகளையும் அவன் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.